ஹோமரின் கிரேக்கக் காவியமான இலியட்டை மூலத்தில் படிக்கிறேன், வினைச்சொற்களில் உதவி வேண்டும்

வணக்கம் நண்பர்களே. இங்கிலாந்தில் கிளாசிக்ஸ் (பண்டைய கிரேக்க, ரோமானிய மொழி, இலக்கியப் படிப்பு) முதலாண்டு படிக்கிறேன். பள்ளியில் கிரேக்கம் கிடையாது, போன அக்டோபரில்தான் எழுத்துகளிலிருந்து தொடங்கினேன்.

என்னைத் திணறடிப்பது கிரேக்க வினையின் மூன்றாவது வகை. செய்வினையும் இல்லை, செயப்பாட்டுவினையும் இல்லை, நடுவில் ஒன்று. லூவோ என்றால் விடுவிக்கிறேன். லூவொமாய் என்றால் மீட்புப் பணம் கொடுத்து எனக்காக மீட்கிறேன். முதல் காண்டத்தில் மகளை மீட்க வரும் பூசாரி கிரூசேஸுக்கு 13ஆம் வரியில் இந்த நடுவினை. 20ஆம் வரியில் அவரே கிரேக்கரிடம் அவளை விடச் சொல்லிக் கெஞ்சும்போது செய்வினை. ஒரே சொல்லுக்குள் ஒரு தகப்பனின் தவிப்பு! அது புரிந்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஆனால் நிகழ்காலத்தில் நடுவினைக்கும் செயப்பாட்டுவினைக்கும் வடிவம் ஒன்றுதான். லூவொமாய் 'விடுவிக்கப்படுகிறேன்' என்றும் ஆகும். வாசிக்கும்போது எதை வைத்துப் பிரிக்கிறீர்கள்?

அப்புறம், வகுப்பில் கற்றது ஏதென்ஸ் உரைநடை. ஹோமரின் வடிவங்களுக்குத் தனி நோட்டு போடலாமா, அல்லது குழப்பம் கூடுமா? வாரம் 20 வரி சேர்ந்து வாசிக்க யாராவது வந்தால் மிகவும் மகிழ்வேன்.