இரவு முழுக்க மொழிபெயர்ப்பு, பகலில் தூக்கம் வருவதில்லை: நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

ராத்திரிமொழி:

வணக்கம். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கிறேன், ஃப்ரீலான்ஸ்தான், யாரிடமும் சம்பளத்துக்கு இல்லை. எட்டு மாதமாக எனக்கு வேலை தரும் இரண்டு ஏஜென்சிகளுமே எனக்கு இரவாக இருக்கும்போதுதான் அலுவலகம் திறக்கிறார்கள், அதனால் இரவு பத்துக்கு உட்கார்ந்தால் காலை ஆறு வரை ஓடுகிறது. "600 சொல், இரண்டு மணி நேரத்தில் முடியுமா?" என்று மெயில் வரும், கால் மணி நேரத்தில் பதில் போடாவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். அந்தப் பயத்தில் வேலை இல்லாத இரவிலும் விழித்துத்தான் இருக்கிறேன்.

முதல் பிரச்சினை தூக்கம். ஆறரைக்குப் படுத்தால் பத்து மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. வராவிட்டாலும் போன் வரும், இல்லையென்றால் வீட்டில் யாராவது "பகல்ல சும்மாதானே இருக்கே, இதைக் கொஞ்சம் பாரு" என்று எழுப்புவார்கள். மாலையில் ஒரு மணி நேரம் கண்ணை மூடுகிறேன். சனி, ஞாயிறு மட்டும் எல்லோரையும் போல இரவில் தூங்கப் பார்க்கிறேன், அதுவும் வருவதில்லை.

இரண்டாவதுதான் என்னை இங்கே எழுத வைத்தது. போன வாரம் ஒரு மருந்துக் கையேடு திரும்பி வந்தது. "எடுத்துக்கொள்ளக் கூடாது" என்று இருக்க வேண்டிய இடத்தில் "எடுத்துக்கொள்ளலாம்" என்று போட்டிருக்கிறேன். மறுபார்வை செய்தவர் பிடித்துவிட்டார். அவர் பிடிக்காமல் போயிருந்தால் என்று நினைத்தாலே கை நடுங்குகிறது. அந்த வரியைச் சேமித்த நேரத்தைப் பார்த்தேன், விடிகாலை 4.20. இந்த வேலை எனக்குப் பிடிக்கும், விட மனசில்லை. வருடக்கணக்கில் இரவில் வேலை செய்பவர்கள் என்ன செய்கிறீர்கள், சொல்லுங்கள்.

பழையகை:

பதினொரு வருடமாக இதே நேரக் கணக்கில் இருக்கிறேன் நண்பரே. தூக்கத்தைப் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும், நான் வேறு ஒன்று கேட்கிறேன்: அந்த எட்டு மணி நேரமும் நீங்கள் விழித்திருக்க வேண்டும் என்று யார் சொன்னது? இரண்டு வாரம் ஒரு நோட்டுப் போட்டு எழுதுங்கள், மெயில் எத்தனை மணிக்கு வந்தது, டெட்லைன் எத்தனை மணி, உண்மையில் எப்போது தொடங்கினால் போதுமாக இருந்தது என்று. நான் எழுதிப் பார்த்தபோது முக்கால்வாசி வேலை அவர்கள் அலுவலகம் திறந்த முதல் மூன்று மணி நேரத்திலேயே வந்திருந்தது, அதிலும் பாதிக்கு மேல் மறுநாள் கொடுத்தாலே போதும். மீதி நேரம் முழுக்க நான் இன்பாக்ஸைக் காவல் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அதற்கப்புறம் எல்லா ப்ராஜெக்ட் மேனேஜர்களுக்கும் ஒரே மெயில் போட்டேன், யுடிசி எனும் உலகப் பொது நேரத்தில் இன்னதிலிருந்து இன்னது வரை உடனடி வேலை எடுப்பேன், அதற்குப் பிறகு வருவது அடுத்த நாள் கணக்கு என்று. ஒருவர் விலகினார், மற்றவர்கள் அப்படியே இருக்கிறார்கள். யுடிசி என்று எழுதுவதை விடாதீர்கள், "நாள் முடிவுக்குள்" என்று வருகிற டெட்லைன் யாருடைய நாள் என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அமெரிக்காவில் மார்ச் இரண்டாவது ஞாயிறு கடிகாரத்தை முன்னால் தள்ளுவார்கள், ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறுதான். நடுவில் இரண்டு மூன்று வாரம் உங்கள் மனக்கணக்கு ஒரு மணி நேரம் தப்பாக இருக்கும். நான் அதில் ஒரு முறை மாட்டி, தாமதமாகக் கொடுத்திருக்கிறேன்.

இரண்டு மணி நேரத்தில் வேண்டும் என்றால் அவசரக் கூலி தனியாகக் கேளுங்கள். கேட்டவுடனே பாதி அவசரம் குறைந்துவிடும். கூலியை மூல மொழிச் சொல் கணக்கிலேயே பேசுங்கள், இன் தி ஹவுஸ் மூன்று சொல், வீட்டில் ஒரு சொல். தமிழ்ச் சொல் எண்ணிக்கைக்கு ஒத்துக்கொண்டால் அதை ஈடுகட்ட இன்னும் இரண்டு மணி நேரம் விழிக்க வேண்டிவரும்.

விடியல்காரி:

எனக்கு இது ஆறாவது வருடம். முதல் இரண்டு வருடம் நீங்கள் சொல்வது போலவேதான் இருந்தது, அதனால் படித்துத் தெரிந்துகொண்டதையும் செய்து பார்த்ததையும் சொல்கிறேன்.

4.20 தற்செயல் இல்லை. இரவில் தூங்கிப் பழகிய உடம்புக்கு விடிகாலை நான்கு ஐந்து மணி வாக்கில்தான் உடல் சூடு மிகக் குறைவாக இருக்கும், கவனமும் அப்போதுதான் அடிமட்டத்தில் இருக்கும். மூளையில் ஹைப்போதலாமஸில் இருக்கும் ஒரு சின்ன நரம்புக் கொத்துதான் இந்தக் கடிகாரத்தை நடத்துகிறது, அது கண் வழியாக வரும் வெளிச்சத்தை வைத்து நேரத்தைச் சரிபார்த்துக்கொள்கிறது. இந்தக் கடிகாரம் செல்லுக்குள்ளே எப்படி ஓடுகிறது என்று பழ ஈக்களை வைத்துக் கண்டுபிடித்த மூன்று பேருக்குத்தான் 2017-இல் மருத்துவ நோபல் கொடுத்தார்கள். நான் சொல்ல வருவது, மன உறுதியால் இதை ஜெயிக்க முடியாது, வெளிச்சத்தால்தான் கொஞ்சம் நகர்த்த முடியும்.

வாரத்தில் ஐந்து நாள் ஒரு கடிகாரம், இரண்டு நாள் இன்னொரு கடிகாரம் என்று ஓட்டுகிறீர்கள், அதுதான் உங்களைக் கொல்கிறது. விடுமுறை நாளில் பத்து மணிக்குப் படுக்காதீர்கள், இரண்டு மூன்று மணிக்குப் படுத்துப் பத்து பதினொன்றுக்கு எழுந்திருங்கள். வேலை நாளில் ஆறரைக்குப் படுத்தாலும் எட்டு முதல் பத்து வரையாவது ஏழு நாளும் நீங்கள் தூக்கத்தில் இருப்பீர்கள், உடம்பு அதைப் பிடித்துக்கொள்ளும். வேலை முடிந்ததும் ஜன்னல் பக்கம் போய் நிற்காதீர்கள், காலை வெளிச்சம் பட்டால் மூளை பகல் என்று முடிவு செய்துவிடும். கடைசி இரண்டு மணி நேரம் திரையையும் அறை விளக்கையும் மங்கலாக்குங்கள், படுக்கும் அறையில் கையை நீட்டினால் தெரியாத அளவுக்கு இருட்டு வேண்டும். காப்பி இரவு ஒரு மணிக்கு மேல் கூடாது. உடம்பில் போன காஃபீனில் பாதி குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும், நான்கு மணிக்குக் குடித்தால் ஒன்பது மணிக்கும் பாதி உள்ளே இருக்கும், பிறகு எப்படித் தூக்கம் வரும்?

வீட்டில் நான் சொன்னது ஒரே வாக்கியம்: "உங்களுக்குக் காலை பத்து மணி, எனக்கு நடுராத்திரி ரெண்டு மணி. ரெண்டு மணிக்கு என்னை எதுக்கு எழுப்புவீங்களோ அதுக்கு மட்டும் எழுப்புங்க." ஒரு மாதம் கோபப்பட்டார்கள், அப்புறம் பழகிவிட்டார்கள். போனை இன்னொரு அறையில் வைத்துவிட்டுப் படுங்கள்.

பயமுறுத்தச் சொல்லவில்லை, ஆனால் தெரிந்திருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இரவுப் பணியை 2007-இலும் மறுபடி 2019-இலும் "அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது" என்ற 2ஏ பிரிவில் வைத்திருக்கிறது. அந்தப் பிரிவு சான்று எவ்வளவு வலுவானது என்பதைச் சொல்கிறதே தவிர, உங்களுக்கு வரும் என்று சொல்லவில்லை. வருடம் ஒரு முறை சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ளுங்கள், மருத்துவரிடம் போனால் இரவில் வேலை செய்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லுங்கள், தூக்க மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.

ஒற்றெழுத்து:

நான் பெரும்பாலும் மறுபார்வை செய்பவன். மற்றவர்கள் மொழிபெயர்த்த கோப்பு வந்தால் எந்த இடத்தில் ஆள் களைத்தார் என்று படிக்கும்போதே தெரியும். முதலில் வல்லின ஒற்றுகள் காணாமல் போகும், "அதை படித்து", "வீட்டிற்கு சென்று" என்று வரிசையாக வரும். அதற்கப்புறம் எழுவாய் பன்மை, வினை ஒருமை. அதற்கும் அப்புறம்தான் பொருளே மாறுகிற பிழைகள் வரும். ஆகவே ஒற்று விடுகிறீர்கள் என்று நீங்களே கவனித்தீர்களென்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள், அடுத்து வருவது பெரிய பிழை.

உங்களிடம் ஒரு கேள்வி. அந்த வரியை நீங்களே புதிதாக எழுதினீர்களா, இல்லை மொழிபெயர்ப்பு நினைவகத்திலிருந்து, அதாவது பழைய மொழிபெயர்ப்புகளின் சேமிப்பிலிருந்து, ஃபஸ்ஸி மேட்ச்சாக (ஏறக்குறைய ஒத்த பழைய வாக்கியமாக) வந்ததா? ஏனென்றால் பழைய வாக்கியத்துக்கும் புதியதற்கும் வித்தியாசம் ஒரே ஒரு "நாட்" என்றால் நீளமான வாக்கியத்தில் கேட் டூல் எனும் மொழிபெயர்ப்பு உதவி மென்பொருள் அதை 90 விழுக்காட்டுக்கு மேல் ஒத்ததாகக் காட்டும், களைத்த கண் அந்த எண்ணைப் பார்த்து என்டர் தட்டிவிடும். ஆங்கிலத்தில் அந்த "நாட்" நடுவில் நிற்கும், நமக்கு எதிர்மறை வாக்கியத்தின் கடைசியில் வினையோடு வரும், பாதி வாக்கியம் படித்துவிட்டுச் சரி என்று நகர்பவருக்கு அது கண்ணிலேயே படாது. தானியங்கிச் சோதனையானது எண்கள், டேக் எனும் வடிவமைப்புக் குறிகள், சொற்பட்டியல் எல்லாம் பார்க்கும், கூடும் கூடாது வித்தியாசத்தைப் பெரும்பாலும் பார்க்காது.

நான் செய்வது: கடினமான புது வாக்கியங்கள் எல்லாம் இரண்டு மணிக்குள். மூன்றிலிருந்து ஐந்து வரை இன்வாய்ஸ், சொற்பட்டியல், டேக் சரிபார்ப்பு மட்டும். மருந்து, சட்டம் இரண்டையும் தூங்கி எழாமல் அனுப்பவே மாட்டேன், தூங்கி எழுந்து ஆங்கிலத்தைப் பார்க்காமல் தமிழை மட்டும் வாய்விட்டுப் படிப்பேன். ஐஎஸ்ஓ 17100 என்ற மொழிபெயர்ப்புத் தரநிலையிலேயே இரண்டாவது ஆள் திருத்துவதற்கு முன்னால் மொழிபெயர்ப்பாளர் தானே ஒரு முறை சரிபார்க்க வேண்டும் என்று இருக்கிறது, அதற்கு நேரம் கேட்பது உங்கள் உரிமை.

ராத்திரிமொழி:

மூவருக்கும் நன்றி. கோப்பைத் திறந்து பார்த்தேன். 93 விழுக்காடு மேட்ச், ஒற்றெழுத்து சொன்னது அப்படியே. நான் ஒரு எழுத்துக்கூட மாற்றவில்லை. நாலு நாளாக எனக்கு மொழியே மறந்துபோகிறதோ என்று பயந்துகொண்டிருந்தேன்.

நோட்டுப் போட ஆரம்பித்துவிட்டேன். ஒரு சந்தேகம் மட்டும். மருந்துக் கோப்பைத் தூங்கி எழுந்து தருகிறேன் என்று சொன்னால், இவர் முடியாதவர் என்று அடுத்த தடவை கூப்பிடாமல் விட்டுவிடுவார்களோ?

பழையகை:

"முடியாது" என்று எழுதாதீர்கள், நேரத்தை எழுதுங்கள். "மொழிபெயர்ப்பு இன்று முடியும், இறுதிச் சரிபார்ப்புடன் 08:00 யுடிசிக்கு உங்கள் கையில் இருக்கும், மருந்துக் கோப்பு என்பதால் இந்த இடைவெளி தேவை." இதை டெம்ப்ளேட்டாகவே சேமித்து வைத்திருக்கிறேன். போன வாரப் பிழை நடந்த ஏஜென்சிக்கே முதலில் அனுப்புங்கள், அவர்களுக்குக் காரணம் விளக்கவே வேண்டியிருக்காது.