"புரிஞ்சுதாம்மா?" என்றால் தலையாட்டுகிறார்கள், வீட்டில் வேறு மாதிரி செய்கிறார்கள். எப்படித்தான் சொல்வது?

பெரம்பூர்_நர்ஸ்:
வட சென்னையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வேலை. டிஸ்சார்ஜ் ஆகிறவர்களுக்கு மாத்திரை விவரம் சொல்வது என் பொறுப்பு. போன மாதம் ஒரு வயதான அம்மாவுக்குச் சுகருக்கு கிளிமிபிரைடு எழுதியிருந்தது. "காலையில சாப்பாட்டுக்கு முன்னாடிம்மா, புரிஞ்சுதா?" என்றேன், நன்றாகத் தலையாட்டினார். அடுத்த வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு வியர்த்துக் கொட்டி, கை நடுங்க, ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். சுகர் 48, ரொம்பக் குறைவு. விசாரித்தால் வெள்ளிக்கிழமை விரதமாம், பூஜை முடித்து மதியம்தான் சாப்பாடு, மாத்திரையை மட்டும் ஏழு மணிக்கே போட்டிருக்கிறார். "ஏழு மணியும் சாப்பாட்டுக்கு முன்னாடிதானேம்மா" என்கிறார். என்ன பதில் சொல்வது? அன்றைக்கு எனக்குத் தூக்கமே வரவில்லை.

ரிட்டையர்டு_சிஸ்டர்:
பின்னால் இருபது பேர் நிற்கும்போது "புரிஞ்சுதா" என்றால் யார் இல்லை என்பார்கள்? அந்தக் கேள்வியையே விட்டுவிடும்மா. அவர் வாயால் சொல்ல வை. டீச் பேக் என்பார்கள். பரீட்சை மாதிரி கேட்டால் கோபம் வரும், அதனால் பழியை நம் மேல் போட்டுக்கொள்ள வேண்டும்: "நான் சரியா சொன்னேனான்னு பாக்கணும் பாட்டி, வீட்ல மருமக கேட்டா எப்படி சொல்வீங்க?" அப்புறம், சுகர் மாத்திரை என்றாலே விரதம் உண்டா என்று முதலிலேயே கேட்டுவிடு. உண்டு என்றால் அந்த நாளுக்கு என்ன செய்வது என்று டாக்டரிடமே கேட்டு எழுதி வாங்கு.

மருந்துக்கடை_அண்ணன்:
திருவல்லிக்கேணியில் கடை. எங்கள் பக்கம் 'சாப்பாடு' என்றால் சோறு, இட்லி தோசை எல்லாம் டிபன் கணக்கு. எட்டு மணிக்கு இட்லி தின்றுவிட்டு, சாப்பாட்டுக்கு முன் என்று பன்னிரண்டு மணிக்கு மாத்திரை போட்டவரையும் பார்த்திருக்கிறேன். அதனால் "இட்லிக்கு முன்னாடி" என்றே சொல்கிறேன். 1-0-1, அதாவது காலையில் ஒன்று, மதியம் இல்லை, ராத்திரி ஒன்று என்று எழுதினால் பாதிப் பேருக்கு ஒன்றும் விளங்காது. கவரில் சூரியனும் நிலாவும் வரைந்து கொடுக்கிறேன், என் சூரியனைப் பார்த்தால் முட்டை தோசை மாதிரி இருக்கும், ஆனால் வேலை நடக்கிறது.

மயிலை_மகள்:
நர்ஸாவது முகத்தைப் பார்த்துப் பேசுகிறீர்கள். அப்பாவை ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன், டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடி என்னிடம் இங்கிலீஷில் பேசினார், நடுவில் உட்கார்ந்திருந்த அப்பாவிடம் ஒரு வார்த்தை இல்லை. 'பயாப்சி' மட்டும் அவர் காதில் விழுந்திருக்கிறது. வெளியே வந்ததும் லிஃப்ட்காரரிடம் கேட்கிறார், "பயாப்சின்னா புத்துநோய்தானே தம்பி?" "ஒரு துளி சதை எடுத்துப் பரிசோதிப்போம், என்னன்னு தெரிஞ்சுக்கத்தான்" என்று அவரிடமே சொல்லியிருந்தால் அன்றிரவு அவர் சாப்பிட்டிருப்பார்.

ஓபி_டாக்டர்:
மயிலை மகள், நியாயம்தான். ஆனால் ஒரு காலையில் எண்பது சீட்டு பார்க்கிறவன் நான், ஆளுக்கு மூன்று நிமிடம்கூடத் தேறாது. எங்கள் காலத்தில் பேசுவது பற்றிப் பாடமே கிடையாது, 2019இல் சேர்ந்த மாணவர்களிலிருந்துதான் எம்.பி.பி.எஸ்.ஸில் அதற்கென்று தனிப் பாடம் வந்தது. இருந்தாலும் நேரமில்லை என்பது முழு உண்மை இல்லை. 1984இல் அமெரிக்காவில் பெக்மேன், ஃப்ராங்கெல் என்ற இருவர் பதிவு செய்து பார்த்ததில், நோயாளி பேச ஆரம்பித்துச் சராசரியாக 18 விநாடியில் டாக்டர் குறுக்கே புகுந்திருந்தார். அதைப் படித்த பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டுத்தான் "சொல்லுங்க" என்கிறேன். பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் அவர்களே முடித்துவிடுகிறார்கள். வயிற்றுவலி என்று வருகிறவர், பேச விட்டால்தான் கடைசியில் "கறுப்பா போகுது சார்" என்பார், உள்ளே ரத்தம் கசிகிறதோ என்று பார்க்க வேண்டிய அறிகுறி அது.

பெரம்பூர்_நர்ஸ்:
எல்லோருக்கும் நன்றி. இன்று ஒரு தாத்தாவிடம் சிஸ்டர் சொன்ன மாதிரி கேட்டேன். தண்ணீர் மாத்திரையை, அதாவது சிறுநீரை அதிகம் போகவைக்கும் மாத்திரையை, ராத்திரி படுக்கும்போது போடுவேன் என்றார், காலையில் என்று இரண்டு தடவை சொல்லியிருந்தேன். ஏன் தாத்தா என்றால், "பகல்ல பஸ்ல போறப்ப ஒண்ணுக்கு வந்தா எங்கம்மா போவேன்?" இதற்கு டாக்டரிடம்தான் போக வேண்டும், நாளை ரவுண்ட்ஸில் கேட்கிறேன்.