அரெஸ்டர் பச்சை காட்டியது, மாட்யூல்கள் எரிந்தன

மொபைல் டவர் தளங்களில் பவர் பிளான்ட் (டவர் கருவிகளுக்கு மின்சாரம் தரும் அமைப்பு) பராமரிப்பு என் வேலை. ஒரே தளத்தில் இரண்டு இடிமழைக்கு, ஏசி கரண்டை டிசி ஆக்கும் ரெக்டிஃபையர் மாட்யூல்கள் போயின. முதலில் மூன்று, அப்புறம் நான்கு. மின்னலால் எகிறும் வோல்டேஜை எர்த்துக்குத் திருப்பிவிடும் சர்ஜ் அரெஸ்டரின் காட்டி இரண்டு முறையும் பச்சைதான், அதாவது அது நல்ல நிலையில்தான் இருந்தது. எர்த் ரெசிஸ்டன்ஸும் 1 ஓமுக்குக் கீழே. அரெஸ்டர் மட்டமான சரக்கு என்று முடிவுகட்டி, மாற்றச் சொல்லி எழுதியும் விட்டேன்.

மாற்றப் போன அன்றுதான் வயரைக் கவனித்தேன். அரெஸ்டர் இருந்தது பேனலின் மேல் மூலையில், எர்த் வயர்கள் வந்து சேரும் எர்த் பார் இருந்தது பேனலின் அடியில். இரண்டையும் இணைக்கும் பச்சை வயரை ஓரமாக வளைத்து, டை போட்டு, அழகாக இறக்கியிருந்தார்கள். சப்ளைப் பக்கத்தையும் சேர்த்தால் 2 மீட்டர்! மின்னல் அலை வரும்போது ஓம் கணக்கு உதவாது, வயரின் இண்டக்டன்ஸ்தான் (கரண்ட் சட்டென்று மாறுவதை எதிர்க்கும் குணம்) பெரிது. மீட்டருக்குச் சுமார் 1 மைக்ரோஹென்றி. 8 மைக்ரோவினாடியில் 10 கிலோஆம்பியர் ஏறினால் மீட்டருக்கு 1,250 வோல்ட் விழும். அரெஸ்டர் 1,500 வோல்ட்டில் பிடித்தாலும், 2 மீட்டர் வயர் 2,500 வோல்ட்டைக் கூட்டிவிடும். ஆக 4,000. இந்த வகைக் கருவி பொதுவாக 2,500 தாங்கும்.

அரெஸ்டரை மாற்றவே இல்லை. அதன் அடியிலேயே சின்ன எர்த் பார் வைத்து, மாட்யூல்களின் எர்த்தையும் அதில் சேர்த்தோம். சப்ளை வயரை அரெஸ்டர் முனைக்குக் கொண்டுவந்து, அங்கிருந்தே மாட்யூலுக்கு எடுத்தோம். மொத்த நீளம் அரை மீட்டருக்குள் அடங்கியது. பிறகு எத்தனையோ இடி, ஒரு மாட்யூலும் போகவில்லை. பேனல் போடும் தம்பிகளே, வயர் அழகாக இருக்கவேண்டாம், குட்டையாக இருக்கட்டும்.

* * *

சார், உங்களுக்கு மின்னல், எங்கள் சர்வர் அறையில் மின்னலே இல்லாமல் அரெஸ்டர் கருகியது. மூன்று ஃபேஸ் சப்ளையில் நியூட்ரல் விட்டுப்போய், லோடு குறைந்த ஃபேஸில் 230 வோல்ட் இருக்கவேண்டிய இடத்தில் 370 வந்தது. அரெஸ்டருக்குள் வோல்டேஜைப் பிடிக்கும் 275 வோல்ட் வேரிஸ்டர் மைக்ரோவினாடி அடியைத்தான் வாங்கும், நிமிடக்கணக்கில் நின்றால் வெந்துவிடும். பவர் சப்ளைகளும் சேர்ந்து போயின. இப்போது வோல்டேஜ் ரிலேயும் கான்டாக்டரும் போட்டிருக்கிறோம். 270 தாண்டினால் லைனைத் துண்டித்துவிடும். அரெஸ்டர் இருக்கிறதே என்று இதை விட்டுவிடாதீர்கள்.

* * *

உங்கள் இருவருக்கும் கரண்ட் லைன், எங்களுக்கு அடி வந்தது அந்த வழியாகவே அல்ல. வெளிக்கம்பத்துக் கேமராவிலிருந்து நேராக ஸ்விட்ச்சுக்கு வந்த லேன் கேபிள் வழியாக. பன்னிரண்டு போர்ட் செத்தன. அந்த வழியை, மின்சாரம் கடத்தாத கண்ணாடி இழையான ஃபைபர் ஆக்கிவிட்டோம். உள்ளே இரும்புக்கம்பி இல்லாத ஃபைபராகப் பார்த்து வாங்குங்கள்.