46 வயதில் படையிலிருந்து விலகுகிறேன், அடுத்த வேலைக்கு எப்படித் தயாராவது?

ஈசூன்வாசி:

வணக்கம். நான் சிங்கப்பூர் ஆயுதப் படையில் நிரந்தரப் பணியில் இருக்கிறேன். செகண்ட் வாரண்ட் ஆபிசர், போக்குவரத்துப் பிரிவு. வயது 46. அடுத்த ஜூனில் ஒப்பந்தம் முடிகிறது. நீட்டிக்க வேண்டாம் என்று வீட்டில் பேசி முடிவெடுத்துவிட்டோம்.

படிப்பு ஓ லெவல், அப்புறம் ஐடிஇயில் (தொழில்நுட்பக் கல்விக் கழகம்) நைடெக் சான்றிதழ். படையில் சேர்ந்த நாளிலிருந்து வேறு எங்கும் போய் வேலை கேட்டதில்லை. என் பொறுப்பில் இருப்பவர்கள் பெரும்பாலும் 19, 20 வயது தேசிய சேவைப் பையன்கள். காலையில் வண்டி எடுக்கும் முன் பிஓஎஸ் (ஓட்டும் முன் செய்யும் வண்டிப் பரிசோதனை) ஒழுங்காகப் பார்த்தார்களா, முந்தைய இரவு சரியாகத் தூங்கினார்களா, ஃபைவ் டன்னர் லாரியின் பின்கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்ப்பதிலேயே என் பொழுது போகும். வெளியில் இதற்கு யார் சம்பளம் தருவார்கள் என்று தெரியவில்லை. கேட்கிற எல்லாரும் “செக்யூரிட்டிக்குப் போ” என்கிறார்கள்.

மகள் பாலிடெக்னிக்கில் முதலாண்டு. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டுக் கடன் இன்னும் பாக்கி இருக்கிறது. படையின் பிரீமியம் சேமிப்புத் திட்டத்தில் சேர்ந்த பணத்தில் கை வைக்காமல் குடும்பத்தை நடத்த வேண்டும். இந்த வழியில் ஏற்கெனவே வந்தவர்கள் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

துவாஸ்காரன்:

வணக்கம் எஞ்சிக் (வாரண்ட் ஆபிசரைப் படையில் இப்படித்தானே கூப்பிடுவோம்). நான் காம்பட் எஞ்சினியர்ஸில் மாஸ்டர் சார்ஜன்டாக இருந்தவன். இப்போது துவாஸில் ஒரு கட்டுமானத் தளத்தில் பாதுகாப்பு அதிகாரி. உங்களிடம் அழுத்திச் சொல்ல எனக்கு ஒன்றுதான் இருக்கிறது. திறமை உங்களிடம் இருக்கிறது, அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் வெளியில் ஒவ்வொரு தொழிலுக்கும் சட்டம் ஒரு சான்றிதழைக் கேட்கிறது. அந்தச் சான்றிதழைச் சம்பளம் வந்துகொண்டிருக்கும்போதே வாங்கிவிடுங்கள். ஜூனுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள்.

என் துறையையே சொல்கிறேன். ஒப்பந்த மதிப்பு 1 கோடி வெள்ளியோ அதற்கு மேலோ உள்ள கட்டுமானத் தளத்தில் மனிதவள அமைச்சில் பதிவு செய்த வேலையிடப் பாதுகாப்பு, சுகாதார அதிகாரி ஒருவர் இருந்தே ஆக வேண்டும். அதற்குக் கீழே உள்ள தளங்களுக்குப் பாதுகாப்பு கோஆர்டினேட்டர் (ஒருங்கிணைப்பாளர்). கோஆர்டினேட்டர் ஆக அட்வான்ஸ்ட் சர்டிஃபிகேட் போதும். அதிகாரியாகப் பதிவு செய்ய ஸ்பெஷலிஸ்ட் டிப்ளோமாவும் அனுபவமும் வேண்டும். உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. மாலை வகுப்பில் முதல் சான்றிதழை முடித்து, வெளியே வந்ததும் கோஆர்டினேட்டராகச் சேருங்கள். அதே வேலையில் இருந்தபடி டிப்ளோமாவைப் படிக்கலாம். முதல் சம்பளம் உங்கள் இப்போதைய சம்பளத்தைவிடக் குறைவாகத்தான் இருக்கும். அதை வீட்டில் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

நீங்கள் செய்கிற வேலையும் இதுவும் எவ்வளவு பக்கம் என்று சொல்கிறேன். காலையில் டூல்பாக்ஸ் மீட்டிங், அதாவது வேலை தொடங்கும் முன் நடக்கும் பாதுகாப்புக் கூட்டம். எதிரில் நிற்பவர்களில் பலர் புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்துத் தம்பிகள், பங்களாதேஷ்காரர்களும் உண்டு. போன மாதம் மீட்டிங் முடிந்து கலையும்போது ஒரு தம்பி என் பக்கத்தில் வந்து, “அண்ணே, கடைசிப் பக்கம் மேல பலகை ஆடுது” என்று மெதுவாகச் சொன்னார். போய்ப் பார்த்தேன். சாரத்தில் பச்சை அட்டைதான் தொங்குகிறது, பரிசோதித்துக் கையெழுத்தும் போட்டிருக்கிறது. ஆனால் பலகையைக் கட்டிய கம்பி ஒரு முனையில் அவிழ்ந்து கிடந்தது. மூன்று மீட்டருக்கு மேல் விழ வாய்ப்புள்ள இடம், பெர்மிட் இல்லாமல் யாரும் ஏறவே கூடாது. உடனே அட்டையைக் கழற்றி, ஏணியை மூடி, பெர்மிட்டை ரத்து செய்தேன். மேலாளருக்கு அன்று கான்கிரீட் ஊற்றும் அவசரம், முகம் சுளித்தார். சரிசெய்து மறுபடி பரிசோதித்த பிறகுதான் விட்டேன்.

அந்தத் தம்பி அதை ஆங்கிலத்தில் சொல்லியிருக்க மாட்டார். தமிழ் பேசும் பாதுகாப்பு அதிகாரி இருக்கிற தளத்தில் இப்படிப்பட்ட சேதி முன்கூட்டியே காதுக்கு வருகிறது, அதனால் ஆட்கள் பத்திரமாக வீடு போகிறார்கள். இதைச் சும்மா பெருமைக்குச் சொல்லவில்லை, நேர்காணலில் நீங்களே எடுத்துச் சொல்ல வேண்டிய விஷயம் இது. தூங்காமல் வந்த பையனை ஓட்டுநர் இருக்கையிலிருந்து இறக்கிவிடுகிறவருக்கு, பட்டை நைந்த ஹார்னஸுடன் (உயரத்தில் ஏறும்போது கட்டும் பாதுகாப்புக் கச்சை) வருகிறவரைக் கீழே நிறுத்தவும் தெரியும்.

பணத்துக்கு: 40 வயதோ அதற்கு மேலோ ஆன குடிமக்களுக்கு 2024 மே மாதம் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் என்ற அரசாங்கப் பயிற்சிக் கணக்கில் கூடுதலாக 4,000 வெள்ளி போட்டார்கள். குறிப்பிட்ட படிப்புகளுக்கு மட்டும்தான் செல்லும், காலாவதி கிடையாது. நீங்கள் இன்னும் தொட்டிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். வேலையை விட்டு முழுநேரமாகப் படிக்கிறவர்களுக்குத் தகுதியுள்ள படிப்புகளில் மாதம் 3,000 வெள்ளி வரை பயிற்சிப் படி உண்டு. ஆனால் அது முந்தைய சராசரி வருமானத்தில் பாதிதான். கடன் இருக்கும்போது அந்த வழி வேண்டாம் என்பது என் கருத்து.

மதி_உட்லண்ட்ஸ்:

அண்ணே, நான் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில் ஆள் எடுக்கும் பிரிவில் இருக்கிறேன். படையிலிருந்து வருகிறவர்களின் பயோடேட்டாவில் பதவி, பதக்கம், படிப்பு எல்லாம் வரிசையாக இருக்கும், என்ன செய்தார்கள் என்பது மட்டும் இருக்காது. நீங்கள் மேலே எழுதியிருக்கிற அந்தப் பத்தி, பிஓஎஸ், தூக்கம், பின்கதவு, அதைத்தான் எங்கள் வாகனப் பிரிவு மேலாளர் படிக்க விரும்புவார். எத்தனை பேரை மேற்பார்த்தீர்கள், விபத்து நடந்தால் விசாரித்து அறிக்கை எழுதியது யார், ஆடிட் வந்தபோது பதில் சொன்னது யார் என்று எழுதுங்கள். எழுதியதை முகாமின் செக்யூரிட்டி அதிகாரியிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள், வெளியே சொல்லக்கூடாத எண்ணிக்கை எதுவும் அதில் வந்துவிடக் கூடாது.

இன்னொன்று. வேலை மாற்றத் திட்டத்தின் கீழ் ஆளை எடுத்துப் பயிற்சி கொடுத்தால், 40 வயதைத் தாண்டியவரின் சம்பளத்தில் 90 விழுக்காடு வரை, உச்சவரம்புக்கு உட்பட்டு, அரசாங்கம் நிறுவனத்துக்குத் தருகிறது. சின்ன நிறுவனங்களில் பல பேருக்கு இது தெரியாது. நீங்களே பேச்சை எடுங்கள், தயங்க வேண்டாம். படையில் வாங்கிய ஓட்டுநர் உரிமத்தைப் பொது உரிமமாக மாற்றாமல் வைத்திருந்தால், அந்த வேலையையும் இப்போதே முடித்துவிடுங்கள்.

பழைய ஸ்டாஃப்:

செக்யூரிட்டி என்றால் ஏன் எல்லாரும் முகத்தைச் சுளிக்கிறீர்கள்? நான் அதில்தான் இருக்கிறேன். படிப்படியான சம்பள உயர்வு முறையில், 2026ல் ஆரம்ப நிலைப் பாதுகாவலருக்கே குறைந்தபட்ச மொத்தச் சம்பளம் 3,090 வெள்ளி. 12 மணி நேர ஷிஃப்ட் பழக்கமில்லாதவர்களுக்குச் சிரமம்தான், அதை மறைக்க மாட்டேன். ஆனால் வாரண்ட் ஆபிசராக இருந்தவர் கேட்டில் நிற்பதோடு முடித்துக்கொள்ள வேண்டியதில்லை. 1,000 பேருக்கு மேல் இருக்கக்கூடிய பொதுக் கட்டடங்களுக்குத் தீப்பாதுகாப்பு மேலாளர் கட்டாயம். படிப்பை முடித்து குடிமைத் தற்காப்புப் படையில் பதிவு செய்ய வேண்டும். நான் இப்போது அதற்குத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். துவாஸ்காரன் சொன்னதும் நான் சொல்வதும் ஒன்றுதான்: தொழில் எதுவானாலும் சான்றிதழ் முதலில்.

ஈசூன்வாசி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. செக்யூரிட்டி பற்றி நான் எழுதியது உங்களை வருத்தியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் ஸ்டாஃப், அந்த எண்ணத்தில் எழுதவில்லை. மனைவியிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். சம்பளம் குறைந்தால் எந்தச் செலவைத் தள்ளிப்போடலாம் என்று இப்போதே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கணக்கைத் திறந்து பார்த்தேன், பணம் அப்படியே இருக்கிறது. துவாஸ்காரன், ஒரு சந்தேகம்: களப் பயிற்சிக்கு வெளிநாடு போக வேண்டி வந்தால் மாலை வகுப்பு விட்டுப்போகுமே, அதை எப்படிச் சமாளித்தீர்கள்?

துவாஸ்காரன்:

சேர்வதற்கு முன்பே பயிற்சி நிலையத்திடம் கேளுங்கள் எஞ்சிக். வகுப்புகள் பாடம் பாடமாகப் பிரித்து நடக்கும், விட்ட பாடத்தை அடுத்த அணியுடன் சேர்ந்து முடிக்க எனக்கு அனுமதித்தார்கள். உங்கள் பிரிவின் பயிற்சி அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு தேதியைத் தேர்ந்தெடுங்கள். மேலதிகாரியிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.