கொலுசுப் பட்டறைக்குக் கரண்ட் ரோலிங் மெஷின்: 4 அங்குலமா, 6 அங்குலமா?

சிவதாபுரம்_கொலுசு:

வணக்கம். சேலம் சிவதாபுரத்தில் வீட்டோடு ஒட்டிய கொலுசுப் பட்டறை எங்களுடையது. அப்பா, அண்ணன், நான், கூட இரண்டு ஆட்கள். உருக்கி ஊற்றிய வெள்ளிப் பாளத்தை இரண்டு உருளைக்கு நடுவில் நசுக்கித் தகடாகவும் கம்பியாகவும் ஆக்க, இன்றைக்கும் கை மெஷினில்தான் ஓட்டுகிறோம். ஒருவர் பிடியைச் சுற்ற, ஒருவர் கம்பியைக் கொடுக்க, நாள் முழுக்க முக்கினால் ஒன்றரை கிலோ ஓடும். ரெண்டு மாதமாக அப்பாவால் வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை, சட்டை மாட்டிவிடவே ஆள் வேண்டியிருக்கிறது, ஆனால் மெஷின் பிடியை மட்டும் விட மாட்டேன் என்கிறார்.

கண்ணில் பட்டது இரண்டு. ஒன்று புதுசு, ராஜ்கோட்டிலிருந்து வருவது, 4 அங்குல அகல உருளை, பாதி தகட்டுக்கு, பாதி கம்பிக் காடி (கம்பி ஓடும் பள்ளம்), 2 ஹெச்.பி., சிங்கிள் ஃபேஸ். இன்னொன்று மூடப்போகிற ஒரு பட்டறையில் கிடக்கும் பழசு, 6 அங்குலம், 3 ஹெச்.பி., த்ரீ ஃபேஸ், விலை புதுசில் பாதிதான். வீட்டில் இருப்பது சிங்கிள் ஃபேஸ். அண்ணன் பெரியதுதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். எதை வாங்கலாம், எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பேட்டை_பழசு:

கண்ணு, அங்குலமும் ஹெச்.பி.யும் இருக்கட்டும், பட்டறையில் என்ன ஓட்டுகிறீர்கள் என்று முதலில் பார். கொலுசு என்றால் முக்கால்வாசி கம்பி, மிச்சம் விரல் அகலப் பட்டை. அதற்கு 6 அங்குலம் எதற்கு? வீட்டில் நாலு பேருக்குச் சமைக்கக் கல்யாண அண்டா வாங்கின கதைதான். அகலத் தகடு ஓட்டி அச்சில் அடிக்கிறவர்களுக்கு 6 அங்குலம் வேண்டும், உனக்கு 4 போதும்.

பழைய மெஷினை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. செவ்வாய்ப்பேட்டையில் நான் இன்றைக்கும் ஓட்டுவது பழசுதான். ஆனால் பார்த்து வாங்க வேண்டும். பெயின்ட் அடித்துப் பளபளவென்று வைத்திருப்பார்கள், அதையெல்லாம் பார்க்காதே, உருளையைப் பார். எல்லோரும் பட்டையை நடுவிலேயேதான் கொடுப்பார்கள், அதனால் நடுவில் மட்டும் தேய்ந்து குழிந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. உங்கள் பட்டறை வெள்ளியில் ஒரே தடிப்பில் மூன்று சின்னப் பட்டை வெட்டி எடுத்துப் போ. உருளை இடைவெளியை மாற்றும் திருகைத் தொடாமல் ஒன்றை இடது ஓரத்தில், ஒன்றை நடுவில், ஒன்றை வலது ஓரத்தில் ஓட்டி, மைக்ரோமீட்டரில் அளந்து பார். இடதும் வலதும் மட்டும் வேறுபட்டால் பயப்படாதே, மேல் உருளை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது, திருகுப் பல்லைக் கழற்றிச் சரிசெய்துவிடலாம். நடுப்பட்டை தடியாக வந்தால் உருளையைக் கழற்றிச் சாணை பிடிக்க வேண்டும், மேலே இருக்கிற கெட்டித் தோல் அதில் போய்விட்டால் அதற்கப்புறம் அது வெறும் இரும்பு, ஒரு வருஷம் தாங்காது.

அகலமான பட்டை ஒன்றும் ஓட்டிப் பார். ஒரு பக்கமாக வாழைப்பழம் மாதிரி வளைந்து வந்தால் சாய்வு, ஓரம் ரெண்டும் அலை அலையாக வந்தால் நடுவில் தேய்வு.

கம்பிக் காடியையும் விடாதே. மேல் காடியும் கீழ்க் காடியும் நேருக்கு நேர் உட்கார வேண்டும், மயிரிழை தள்ளி இருந்தாலும் கம்பியின் ரெண்டு பக்கமும் இறகு மாதிரிப் பிசிறு முளைக்கும். அடுத்த தடவை கம்பியைக் கால் சுற்றுத் திருப்பிக் கொடுக்கும்போது அந்த இறகு மடிந்து உள்ளே போய், கடைசியில் கம்பி இழுக்கும்போது அங்கேதான் பிளக்கும். வெள்ளி சரியில்லை என்று உருக்குகிறவனைத் திட்டிக்கொண்டிருப்போம்.

காயில்_கட்டறவன்:

மோட்டார் காயில் கட்டுவதுதான் என் தொழில், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

சிங்கிள் ஃபேஸ் 2 ஹெச்.பி. மோட்டார் முழு லோடில் சுமார் 10 ஆம்பியர் இழுக்கும், கிளம்பும்போது அதைப்போல் பல மடங்கு. அதுகூடப் பரவாயில்லை, பிரச்சினை வோல்டேஜ்தான். மோட்டாரின் இழுவை வோல்டேஜின் வர்க்கத்தோடு இறங்கும். 230 இருக்க வேண்டிய இடத்தில் சாயங்காலம் 180 வந்தால் இழுவை கிட்டத்தட்ட 40 சதவீதம் காணாமல் போகும். பட்டை பாதியில் சிக்கி, மோட்டார் உறுமிக்கொண்டே நின்று, அஞ்சே நிமிஷத்தில் என் கடைக்கு வரும். அதனால் வாங்குவதற்கு முன் நாலு நாள் சாயங்காலம் 6 மணியிலிருந்து 9 மணி வரை வீட்டு வோல்டேஜை அளந்து எழுதி வையுங்கள்.

த்ரீ ஃபேஸ் எடுக்க முடிந்தால் எடுங்கள். அதே இழுவைக்குக் கரண்ட் குறைவு, கெபாசிட்டர் தொல்லை இல்லை. வீட்டு மீட்டரில் தொழில் ஓட்டாமல் குடிசைத் தொழில் கட்டணத்துக்கு முறைப்படி எழுதிக் கொடுத்துவிடுங்கள், பிறகு வந்து பிடித்தால் தலைவலி. த்ரீ ஃபேஸில் ஒரு விஷயம் மட்டும் ஞாபகம் இருக்கட்டும். கம்பத்திலோ டிரான்ஸ்பார்மரிலோ வேலை பார்த்து ரெண்டு ஃபேஸ் மாறிவிட்டால் மெஷின் தலைகீழாகச் சுற்றும். கரண்ட் போய் வந்ததும் கை வைக்காமல் ஒரு தடவை சும்மா ஓட விட்டுப் பாருங்கள்.

ஏற்காட்டு_வெள்ளி:

நான் மலை மேல் இருக்கிறேன். காபித் தோட்டத்து சில்வர் ஓக் இலையை, சுட்டு இளக்கிய வெள்ளித் தகட்டின் மேல் வைத்து உருளையில் விட்டால் நரம்பு நரம்பாகப் பதியும், அதில் கம்மல் செய்து விற்கிறேன். என்னுடையது சின்ன மெஷின்தான். இங்கே எனக்கு எதிரி பனிமூட்டம். ஒரு நவம்பர் மாதம் துணி மூடாமல் நாலு நாள் கீழே சேலத்துக்குப் போய்விட்டேன், திரும்பி வந்தால் உருளை முழுக்கச் செந்நிறப் புள்ளி. அது அப்படியே ஒவ்வொரு தகட்டிலும் அச்சாக விழுகிறது, இலையா துருவா என்று வாங்குகிறவர்களே கேட்கிறார்கள். சிவதாபுரத்தில் பனி இல்லை, ஆனால் அமிலத் தண்ணீரில் எடுத்த பட்டையை ஈரத்தோடு விட்டால் அதே கதிதான். துடைத்து, காய வைத்து விடுங்கள். வேலை முடிந்ததும் எண்ணெய்த் துணியால் ஒரு துடை.

யாரும் சொல்லாததைச் சொல்கிறேன், நிறுத்தும் சுவிட்ச். வாங்கும்போது ஓட விட்டு, சுவிட்சைத் தட்டி, உருளை எவ்வளவு தூரம் சுற்றி நிற்கிறது என்று பாருங்கள். கணக்கு சுலபம்: 65 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளை அரைச் சுற்று சுற்றினால் 10 சென்டிமீட்டர் உள்ளே இழுக்கும், அது ஒரு விரலுக்கும் மேல். தட்டியதும் நிற்க வேண்டும், திருப்பி ஓட்டவும் சுவிட்ச் இருக்க வேண்டும். கையுறை கூடவே கூடாது, நுனி மாட்டினால் கையோடு போகும். தங்கச்சி, நீயும் ஓட்டுவதாக இருந்தால் துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொள், பின்னலை முன்னால் விடாதே.

பேட்டை_பழசு:

அந்த அம்மா சொன்னது நிஜம். எனக்கு இடது ஆள்காட்டி விரலில் நகம் கிடையாது.

இன்னொன்று விட்டுப்போனது. கை மெஷினில் வெள்ளி இறுகினால் பிடியே சொல்லிவிடும், தோள் வலிக்கும், எடுத்துச் சுடுவோம். மோட்டாருக்கு அது தெரியாது, இறுகினதையும் இழுத்துத் தள்ளும், ஓரத்தில் கீறல் விழுந்த பிறகுதான் உனக்குத் தெரியும். 4 மில்லிமீட்டர் பட்டை 2 ஆவதற்குள் ஒரு தடவை மங்கிய சிவப்பு வரச் சுட்டு எடு. டச், அதாவது சுத்தம், குறைந்து செம்பு கூடின வெள்ளி என்றால் இன்னும் சீக்கிரம்.

சிவதாபுரம்_கொலுசு:

எல்லோருக்கும் நன்றி. அண்ணனையும் கூட்டிக்கொண்டு போய்ப் பழைய மெஷினில் மூன்று பட்டை விட்டுப் பார்த்தோம். ஓரம் ரெண்டும் ஒன்றாக வந்தது, நடுப்பட்டை 0.12 மில்லிமீட்டர் தடி. அண்ணன் மைக்ரோமீட்டரைப் பிடுங்கி நாலு தடவை அளந்தான், அதே 0.12. வரும் வழியில் பேசவே இல்லை.

4 அங்குலம்தான் வாங்கினோம், த்ரீ ஃபேஸ் மோட்டாரோடு. இணைப்புக்கு எழுதிக் கொடுத்து வாங்குவதற்குள் ஒரு மாதம் ஓடிவிட்டது. நேற்றுத்தான் முதல் பாளம் விட்டோம். அப்பா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், பிடி இல்லாத மெஷினைப் பார்க்கவே அவருக்குப் பிடிக்கவில்லை போல. ஐந்தாவது தடவை கம்பி போகும்போது, "நிறுத்து, சத்தம் மாறுது, எடுத்துச் சுடு" என்றார். எனக்கு ஒரு மாற்றமும் கேட்கவில்லை. இரண்டு நாளாக அண்ணன் ஓட்டுகிறான், நான் கம்பி கொடுக்கிறேன், எப்போது சுட வேண்டும் என்பதை அவர்தான் சொல்கிறார்.