பெரிய கேரவனை வித்தாச்சு. ட்ராவலரா, விங்கரா, ஈக்கோவா? கொஞ்சம் அவசரம் (சேலம்)

அஸ்தம்பட்டி_வண்டி · வியாழன், இரவு 9:40
வணக்கம். எங்க பெரிய கேரவனுக்கு அட்வான்ஸ் வாங்கியாச்சு, மாசக் கடைசியில வண்டி போயிரும். அதுக்குள்ள சின்னதா ஒண்ணு எடுக்கணும். ஃபோர்ஸ் ட்ராவலர், டாடா விங்கர், மாருதி ஈக்கோ, இந்த மூணு வேன்ல எது நல்லது? பழைய வண்டியில இருக்கற கட்டில், சிங்க், பேட்டரி எல்லாத்தையும் கழட்டிப் புதுசுல மாட்டிக்கலாம்னு இருக்கோம். அடிக்கடி ஏற்காடு ஏறுவோம். ஞாயித்துக்கிழமைக்குள்ள சொன்னா நல்லது, செகண்ட்ஸ் வண்டி ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன், அவர் காத்திருக்கார்.

ஓமலூர்_டீசல்
எத்தனை பேர் படுக்கணும்? பட்ஜெட் என்ன? இப்ப இருக்கறது என்ன வண்டி, எத்தனை அடி? பார்த்து வச்சிருக்கற செகண்ட்ஸ் எது, எந்த வருஷம்? இதெல்லாம் இல்லாம எதைச் சொல்றது?

வெயில்_வாட்
எந்த வண்டியா இருந்தாலும் கூரையில 400 வாட் பேனல் போட இடம் இருக்கான்னு முதல்ல பாருங்க. ஈக்கோ கூரையில ரெண்டு பேனல் வச்சதும் முடிஞ்சிரும். கரண்டு இருந்தா மத்ததெல்லாம் தானா வந்துரும்.

சேர்வராயன்_77 (மூத்த உறுப்பினர்)
இதே கேள்வியை இங்க எத்தனையோ பேர் கேட்டாச்சு, தேடிப் பார்க்கற பழக்கமே யாருக்கும் இல்லை. "எது நல்லது"ன்னு ஒரு கேள்வியே கிடையாது. வீல்பேஸ் (முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரம்) என்ன, பின் ஓவர்ஹாங் (பின்சக்கரத்துக்குப் பின்னாடி நீட்டற பாகம்) என்ன, மொத்த எடை என்ன, இந்த மூணும் தெரியாம வண்டி வாங்கறவங்களுக்கு யார் என்ன சொல்லியும் பிரயோஜனம் இல்லை. அடிப்படையைப் படிச்சிட்டு வாங்க, அப்பறம் பேசலாம்.

நாகலூர்_காப்பி
சார், புதுசா வந்தவர்கிட்ட கொஞ்சம் தன்மையாச் சொல்லலாமே. தம்பி, நீங்க ஒண்ணு சொல்லுங்க. பெரிசை ஏன் விக்கறீங்க? அது தெரிஞ்சா பாதிக் கேள்விக்குப் பதில் கிடைச்சிரும்.

அஸ்தம்பட்டி_வண்டி
எல்லாருக்கும் நன்றி. நானும் வீட்டுக்காரியும்தான். பையன் வெளியூர்ல வேலைக்குப் போயிட்டான். பழசு ஐச்சர் லாரி சேசிஸ்ல (அடிச்சட்டத்துல) பாடி கட்டினது. எங்க தெருவுல நிறுத்த முடியலை, கேபிள் வயர் தாழ இருக்கு, ஒவ்வொரு தடவையும் ஒருத்தர் இறங்கிக் கம்பால தூக்கிப் பிடிக்கணும். ஏற்காட்டுலயும் மெயின் ரோட்டை விட்டு எஸ்டேட் பக்கம் திரும்பவே முடியறதில்லை. செகண்ட்ஸ் வண்டி ட்ராவலர்.

ஓமலூர்_டீசல்
எந்த ட்ராவலர்? 3050, 3350, 4020 மில்லிமீட்டர்னு வீல்பேஸ் வேற வேறயா இருக்கு. 4020 எடுத்தீங்கன்னா நீங்க சொன்ன பிரச்சினை முக்காவாசி அப்படியே இருக்கும்.

கோட்டை_ரோடு
ஏற்காட்டுக்கு கவர்மென்ட் பஸ்ஸே 20 கொண்டை ஊசியும் வளைஞ்சு தினமும் ஏறுது. ஐச்சர் ஏறாதா? இருக்கறதையே வச்சுக்கங்க. நிறுத்த ஊருக்கு வெளியில ஒரு ஷெட் வாடகைக்கு எடுங்க.

சங்ககிரி_பாடி
நான் லாரி பாடி வேலைக்காரன், கேரவன் உள்வேலையும் செஞ்சிருக்கேன். பஸ் ஏறுதுங்கறது சரிதாங்க. ஆனா அந்த டிரைவருக்கு ஒவ்வொரு வளைவும் மனப்பாடம், எதிர்ல வர்றவனும் பஸ்ஸுன்னா ஒதுங்கிக் குடுக்கறான். அதுவும் பஸ் மெயின் ரோட்டோட நின்னுருது. இவர் கேக்கறது அதுக்கு அப்பறம் இருக்கற ரோட்டை. சில்வர் ஓக் மரக் கிளை தாழ இருக்கும், எதிர்ல ஜீப் வந்தா ஒருத்தர் ரிவர்ஸ் எடுத்தாகணும். அங்க வண்டி நீளத்தை விட பின்சக்கரத்துக்குப் பின்னாடி எவ்வளவு நீட்டிட்டு இருக்குங்கறதுதான் கணக்கு. திருப்பும்போது அந்தப் பின்பாகம் எதிர்ப்பக்கம் வீசும், மண் கரையில இடிக்கும்.

அண்ணா, இன்னொண்ணு. பழைய சாமானைக் கழட்டி மாட்டற யோசனையை விட்டுருங்க. நீங்க வச்சிருக்கறது 150 ஆம்பியர்-அவர் டியூபுலர் (வீட்டு இன்வெர்ட்டர்ல வர்ற ஈய-அமில) பேட்டரி ரெண்டா இருக்கும்னு நினைக்கறேன், அதுவே நூறு கிலோவுக்கு மேல. பிளைவுட் கட்டில், கிச்சன் மேடை, 200 லிட்டர் தண்ணி டேங்க்னா தண்ணி மட்டும் 200 கிலோ. ஐச்சருக்கு இது ஒண்ணுமே இல்லை. சின்ன வண்டி மூச்சுத் திணறிப் போயிரும். ஏறும்போது கூடச் சமாளிச்சிரலாம், இறங்கும்போது பிரேக் காஞ்சு கருகல் வாடை வரும். அடிவாரத்துல வண்டியை ஓரங்கட்டி வீல்ல தண்ணி ஊத்திட்டு நிப்பாங்களே, பாதி பேர் இப்படித்தான். சூடான டிரம்முல தண்ணி ஊத்தறதும் தப்பு, விரிசல் விடும். எந்த கியர்ல ஏறினீங்களோ அதே கியர்ல இறங்குங்க, பிரேக்கை விட்டு விட்டு மிதிங்க.

வெயில்_வாட்
சங்ககிரியார் சொன்ன பேட்டரிக் கணக்கை ஒத்துக்கறேன். ரெண்டு டியூபுலர் சேர்ந்து 3.6 யூனிட். ஆயுசு கெடாம இருக்கப் பாதிதான் எடுக்கணும், அப்ப கைக்கு வர்றது 1.8. லித்தியம் அயன் பாஸ்பேட் பேட்டரி 200 ஆம்பியர்-அவர் ஒண்ணு வச்சா 2.56 யூனிட், அதுல ரெண்டுக்கு மேல தாராளமா எடுக்கலாம், எடை ஏறத்தாழ கால்வாசிதான். ஆனா இன்ஜின் ஓடும்போது கரண்டு தர்ற ஆல்டர்னேட்டர்லேருந்து நேரா லித்தியத்துக்கு வயர் இழுக்காதீங்க. அது கரண்டை அள்ளி இழுக்கும், ஆல்டர்னேட்டர் சூடாகிக் கருகும். நடுவுல கரண்டை அளவா விடற டிசி-டிசி சார்ஜர் கட்டாயம்.

கோட்டை_ரோடு
எதுக்கு இவ்வளவு பேட்டரி? 5 கிலோ சிலிண்டர் ஒண்ணு வச்சா சமையல் முடிஞ்சது.

வெயில்_வாட்
பூட்டின வண்டிக்குள்ள கேஸ் வேண்டவே வேண்டாம். இண்டக்‌ஷன்தான்.

சேர்வராயன்_77 (மூத்த உறுப்பினர்)
12 வோல்ட்ல 1500 வாட் இண்டக்‌ஷன்னா 125 ஆம்பியர், இன்வெர்ட்டர் நஷ்டம் தனி. அதுக்கு எவ்வளவு தடிமன் வயர் வேணும்னு தெரியாதவங்க கையில இதைக் குடுக்கக் கூடாது. சமையல் வாயு காத்தை விட கனம், கசிஞ்சா தரையிலதான் தேங்கும். அதனால வெண்டிலேட்டர் தரைமட்டத்துல இருக்கணும், சிலிண்டர் பெட்டிக் கதவு வெளிப்பக்கம் திறக்கணும். மேல ஜன்னல் வச்சுட்டு காத்தோட்டம் இருக்குன்னு நினைக்கறவங்கதான் அதிகம்.

நாகலூர்_காப்பி
தம்பி, "நானும் வீட்டுக்காரியும்தான்"னு எழுதியிருக்கீங்க. வயசானவங்க யாராவது எப்பவாவது கூட வருவாங்களா?

அஸ்தம்பட்டி_வண்டி
அம்மா வருவாங்கக்கா. 74 வயசு. மூட்டு வலி. பெரிய வண்டியில நாங்களே தூக்கி ஏத்திருவோம்.

நாகலூர்_காப்பி
இதைத்தான் முதல்ல எழுதியிருக்கணும். இனிமே வீல்பேஸ், பேட்டரி எல்லாம் ரெண்டாவது.

எங்க மாமியாரை வச்சுச் சொல்றேன். பகல்ல ஆள் இருப்பாங்க, ஏத்தி விட்ருவீங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு அவங்களுக்குப் பாத்ரூம் போகணும். வெளியில பனிமூட்டம், படி நனைஞ்சு கிடக்கும். உங்களை எழுப்ப மனசு வராது, கம்பியைப் பிடிச்சுட்டு ஒத்தைக் கால்ல தடவித் தடவி இறங்குவாங்க. அதுக்குப் பயந்தே எங்க மாமியார் சாயந்திரம் ஆறு மணிக்கு மேல தண்ணி குடிக்கறதை நிறுத்திட்டாங்க. எனக்கு அது ரொம்ப நாள் தெரியவே தெரியாது. எந்த வண்டி எடுத்தாலும் உள்ளயே ஒரு போர்ட்டபிள் டாய்லெட், அவங்க படுக்கையிலேருந்து கைபிடிச்சு எட்டற தூரத்துல. படுக்கை உட்கார்ந்து எந்திரிக்கற உயரத்துல இருக்கணும், தரையோட ஒட்டின மெத்தை ஆகாது. படிக்குப் பக்கத்துல கம்பி ரெண்டு பக்கமும் வேணும்.

ஈக்கோ உங்க பட்டியல்லேருந்து போயிருச்சு. வெளி உயரமே 1825 மில்லிமீட்டர், உள்ள யாரும் நிமிர்ந்து நிக்க முடியாது. வெளி அகலம் 1475, குறுக்கால படுக்கவும் முடியாது. நீங்க ரெண்டு பேர் மட்டும்னா நல்ல வண்டிதான்.

சங்ககிரி_பாடி
அக்கா சொல்றதை அப்படியே ஏத்துக்கறேன். ட்ராவலர் சேசிஸ் மேல உக்காந்த வண்டி, பின்சக்கரம் இழுக்கும், அதனால தரை உயரம். விங்கர் மோனோகாக் பாடி, அதாவது தனிச் சேசிஸ் கிடையாது, பாடியே பாரத்தைத் தாங்கும், முன்சக்கரம் இழுக்கும், அடியில நீளமான ஷாஃப்ட் ஓடறதில்லை, தரை தாழ்வு. ஹைரூஃப் (உயரமான கூரை) பார்த்து எடுத்தா உள்ள நடமாடலாம். அம்மாவுக்கு அதுதான் தோது.

ஓமலூர்_டீசல்
முன்சக்கரம் இழுக்கற வண்டியை மலைக்கா? பின்னாடி வெயிட் ஏத்திட்டு ஈர ரோட்டுல ஏறினா முன்பக்கம் லேசாகி டயர் சுத்தும். மலைக்குப் பின்சக்கர டிரைவ்தான், இதுல பேச்சே இல்லை.

சங்ககிரி_பாடி
அது வெயிட்டை எங்க வைக்கறோம்ங்கறதைப் பொறுத்ததுங்க. தண்ணி டேங்க்கை ரெண்டு அச்சுக்கும் நடுவுல தாழ வைங்க, பேட்டரியை முன்சீட்டுக்கு அடியில. கடைசியில வெறும் மெத்தை, துணிமணி. எல்லாத்தையும் டிக்கியில கொட்டினா எந்த வண்டியும் தகராறு பண்ணும்.

ஓமலூர்_டீசல்
அப்படின்னா குப்பனூர் வழியா ஏறச் சொல்லுங்க, கொண்டை ஊசி குறைச்சல்.

கோட்டை_ரோடு
குப்பனூர் ரோடு சுத்து, சில இடத்துல குறுகலா இருக்கும். அடிவாரம் ரோடுதான் அகலம்.

ஓமலூர்_டீசல்
2024 டிசம்பர்ல ஃபெஞ்சல் புயல் மழையில அடிவாரம் ரோட்டுல மண் சரிஞ்சப்ப எது கை கொடுத்துச்சு? குப்பனூர்தானே.

கோட்டை_ரோடு
ஒரு மழையை வச்சு ரோட்டை எடை போடுவீங்களா? கோடை விழா நேரத்துல குப்பனூர் வழியா வந்து பாருங்க, தெரியும்.

சேர்வராயன்_77 (மூத்த உறுப்பினர்)
இழை திசை மாறுது. ரோட்டுச் சண்டைக்கு வேற இழை தொடங்குங்க. கேட்டவர் இன்னும் ஆர்சி பத்தி வாயே திறக்கலை. அந்தச் செகண்ட்ஸ் ட்ராவலர் மஞ்சள் போர்டா, வெள்ளை போர்டா? ஸ்கூல் வேனா ஓடினதா? மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 படிங்க. கம்பெனி குடுத்த விவரத்துக்கு மாறா, அனுமதி இல்லாம வண்டியை மாத்தக் கூடாது. சீட்டைக் கழட்டிக் கட்டில் போட்டுட்டு ஆர்சியில பழைய சீட் எண்ணிக்கையே இருந்தா, விபத்துன்னு வந்தா இன்சூரன்ஸ்காரன் அதைத்தான் முதல்ல தூக்கிக் காட்டுவான். மோட்டார் கேரவனுக்குன்னு ஏஐஎஸ் 124ன்னு தரவிதியே இருக்கு. அதுப்படி சான்று வாங்கித் தர்ற இடத்துல செய்யறதுதான் முறை. லைசென்ஸ் பிரச்சினை வராது, மொத்த எடை 7500 கிலோவுக்கு உள்ள இருந்தா எல்எம்வி (இலகுரக வண்டி) லைசென்ஸ் போதும்.

நாகலூர்_காப்பி
இதை மட்டும் தம்பி கண்டிப்பாக் கேட்டுக்கணும். சார் சொல்ற விதம் எப்படியோ, விஷயம் சரி.

வெயில்_வாட்
ஞாயிறு ஆயிருச்சே, வண்டி எடுத்துட்டீங்களா?

ஓமலூர்_டீசல்
ஆளைக் காணோம். ட்ராவலரைத்தான் எடுத்திருப்பார்.

அஸ்தம்பட்டி_வண்டி · புதன், காலை 7:15
எடுக்கலைங்க. அந்த ட்ராவலர் ஸ்கூல் வேனா ஓடினது, மஞ்சள் போர்டு. மாத்தித் தர்றதைப் பத்திக் கேட்டா வித்தவர் சரியாப் பதில் சொல்லலை. அம்மாவைக் கூட்டிட்டுப் போய் ரெண்டு வண்டியிலயும் ஏறி இறங்கச் சொன்னேன். ட்ராவலர்ல என் தோளைப் பிடிச்சுத்தான் ஏறினாங்க. விங்கர்ல கம்பியைப் பிடிச்சுத் தானே ஏறி, உள்ள போய் உக்காந்துட்டு இறங்க மாட்டேன்னுட்டாங்க. அதனால விங்கர், 3200 வீல்பேஸ், ஹைரூஃப். ஆர்டிஓ ஆபீஸ்ல கேட்டுட்டுத்தான் உள்வேலை. பழைய சாமான்ல சிங்க் மட்டும் எடுத்துக்கறேன். அக்காவுக்கு ரொம்ப நன்றி.

சங்ககிரி_பாடி
நல்லதுண்ணா. உள்வேலை முடிஞ்சதும் தண்ணி ரொப்பி, டீசல் ரொப்பி, மூணு பேரும் உக்காந்து எடை மேடையில ஏத்துங்க. முன் அச்சு தனியா, பின் அச்சு தனியா, அப்பறம் மொத்தமா. ஆர்சியில போட்டிருக்கற மொத்த எடையை விடக் குறைச்சலா இருக்கணும். அந்தச் சீட்டு கையில வர்ற வரைக்கும் மலை ஏறாதீங்க.

கோட்டை_ரோடு
அடிவாரம் வழியாவே ஏறுங்க.