கோத்தகிரி இறக்கத்தில் மலிவு ரியர்செட்: மாட்டலாமா?

கோத்தகிரி160:
தினமும் கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு வேலைக்குப் போய் வருகிறேன். ஒரு வழி முப்பது கிலோமீட்டருக்கு மேல். வண்டி 160 சிசி, பின்னாலும் டிஸ்க். கொண்டை ஊசி வளைவில் சாய்த்தால் இடது ஃபுட்ரெஸ்ட் ரோட்டில் உரசி 'கர்ர்' என்கிறது. ஆன்லைனில் 2,600 ரூபாய்க்கு ஒரு ரியர்செட் வாங்கிவிட்டேன். ரெண்டு அலுமினியத் தகடு, ஃபுட்ரெஸ்ட், கியர் லிவர், பிரேக் பெடல், கம்பிகள் எல்லாம் பெட்டியில் இருக்கின்றன. கால் வைக்கும் இடம் கொஞ்சம் மேலேயும் பின்னாலேயும் போகும். ஞாயிற்றுக்கிழமை நானே மாட்டலாம் என்றிருக்கிறேன். மலையில் யாராவது இப்படி ஓட்டியிருக்கிறீர்களா?

குன்னூர்_மூடுபனி:
தம்பி, பெட்டியைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். கம்பெனி ஃபுட்ரெஸ்ட்டுக்கு அடியில் குமிழ் மாதிரி ஒரு போல்ட் தொங்குகிறதே, அதை உரசுவதற்கென்றேதான் வைத்திருக்கிறார்கள். இனிமேல் சாய்க்காதே என்று அர்த்தம். அதையும் மீறினால் ஃபுட்ரெஸ்ட் மேலே மடங்கிக்கொள்ளும். நீங்கள் வாங்கியது மடங்குமா? மடங்காத கட்டை தரையில் குத்தினால் பின்சக்கரத்தைத் தூக்கிவிடும். எதிரே பஸ் வருகிற ரோட்டில் ஃபுட்ரெஸ்ட் உரசுகிற அளவுக்கு என்ன அவசரம் என்பது தனிக் கேள்வி.

நானும் ஒரு காலத்தில் இப்படி ஒன்று மாட்டியவன்தான். பர்லியாரில் டீ குடிக்க நிறுத்தியிருந்தேன். சைடு ஸ்டாண்ட் ஈர மண்ணில் புதைந்து வண்டி இடப்பக்கம் சாய்ந்தது. ஓடிய வண்டி இல்லை, நின்ற வண்டி. கியர் லிவர் பிஸ்கட் மாதிரி ஒடிந்துபோனது. பழைய இரும்பு லிவராக இருந்தால் வளைந்திருக்கும். ஒரு பைப்பைச் சொருகி நிமிர்த்தியிருப்பேன். கொட்டுகிற மழையில், மிச்சமிருந்த துண்டைக் குதிகாலால் மிதித்து இரண்டாம் கியரில் போட்டு, அப்படியே குன்னூர் வரை ஏறினேன்.

லேத்_ஊட்டி:
குன்னூர் அண்ணன் கதையில் பழி தப்பான இடத்தில் விழுகிறது. ஒடிந்தது விலையால் இல்லை, அது அச்சில் ஊற்றிய வார்ப்பு. ஒடிந்த வாயைப் பார்த்திருந்தால் உள்ளே கற்கண்டு மாதிரி சொரசொரவென்று இருந்திருக்கும். கட்டியிலிருந்து கடைந்தெடுத்த அலுமினியம் முதலில் வளையும். விலை அதிகமான செட்டிலும் வார்ப்பு லிவரைப் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் எல்லோரும் இடது பக்கத்தையே பார்க்கிறீர்கள். என் பயம் வலது பக்கம். பிரேக் பெடலிலிருந்து மாஸ்டர் சிலிண்டருக்குள் (பிரேக் ஆயிலை அமுக்கி அனுப்பும் உருளை) போகும் புஷ் ராடு என்கிற தள்ளு கம்பி இருக்கிறதே, பெடலை மிதிக்காதபோது அது ஒரு மில்லிமீட்டராவது சும்மா ஆட வேண்டும். நீளம் பொருந்தாமல் பிஸ்டனை லேசாக அமுக்கிக்கொண்டே நின்றால், ஆயில் திரும்பிப் போகிற சின்னத் துளை மூடிக்கொள்ளும். சமதளத்தில் இது தெரியாமலேகூடப் போகலாம். நீங்களோ ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்திலிருந்து 300 சொச்சத்துக்கு இறங்குகிறீர்கள். டிஸ்க் சூடாகும், ஆயில் விரியும், விரிந்த ஆயிலுக்குப் போக்கிடம் இருக்காது, பிரேக் தானாகப் பிடிக்க ஆரம்பிக்கும். பிடிக்கப் பிடிக்கச் சூடு ஏறும். டாட் 4 ரக பிரேக் ஆயில் புதிதாக இருந்தால் கொதிக்காமல் 230 டிகிரி வரையாவது தாங்க வேண்டும் என்பது கணக்கு. ஈரம் குடித்துவிட்டால் அந்தக் கணக்கே 155க்கு இறங்கிவிடும். கொதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். நம் ஊர் மூடுபனியில் ரெண்டு மூன்று வருஷம் மாற்றாத ஆயில் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

குன்னூர்_மூடுபனி:
ஆக, மாட்டாதே என்றுதானே நீங்களும் சொல்கிறீர்கள்?

லேத்_ஊட்டி:
இல்லை அண்ணே. அளந்து மாட்டு என்கிறேன்.

ஆர்சி_புக்:
அளந்து மாட்டினாலும் சட்டம் இருக்கிறது. வண்டியை மாற்றுவது பற்றிப் பேசும் 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவைப் படியுங்கள். 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறைக்கும் இடம் உண்டு. 2,600 ரூபாய் சாமானுக்கு இது தேவையா?

லேத்_ஊட்டி:
52ஆம் பிரிவு பேசுவது ஆர்சியில் உள்ள விவரம் மாறுவதைப் பற்றி. ஆர்சியில் ஃபுட்ரெஸ்ட் என்று ஒரு வரி காட்டுங்கள், கடையைச் சாத்திவிட்டு வருகிறேன்.

ஆர்சி_புக்:
வாதமெல்லாம் இங்கே நன்றாக இருக்கிறது. பர்லியார் செக்போஸ்ட்டில் நின்று இதையே சொல்லிப் பாருங்கள். சரி, அதை விடுங்கள். விதி 123 தெளிவாகவே இருக்கிறது: பின்னால் உட்காருகிறவருக்குப் பிடி, ஃபுட்ரெஸ்ட், சக்கரத்தில் துணி சிக்காமல் மறைப்பு, மூன்றும் வேண்டும். சில செட்டுகளை மாட்டுவதற்குப் பின் ஃபுட்ரெஸ்ட்டைக் கழற்றச் சொல்கிறார்கள். அங்கே வாதத்துக்கு இடமே இல்லை.

லேத்_ஊட்டி:
அது சரி. அதை ஒத்துக்கொள்கிறேன்.

மசினகுடி_மாடு:
இதே மாதிரி செட்டில் ஆறு மாதமாகக் கல்லட்டி மலைப்பாதையில் ஓட்டுகிறேன். 36 வளைவு. ஒன்றும் ஆகவில்லை.

குன்னூர்_மூடுபனி:
ஏறுவதற்கு மட்டுமா, இறங்குவதற்குமா?

மசினகுடி_மாடு:
டிஎன் 43, நீலகிரிப் பதிவு வண்டி, இரண்டும்தான். இறக்கத்தில் இரண்டாம் கியரை விட்டு நகர மாட்டேன், பேக் பிரேக்கைத் தொடுவதே அபூர்வம். கோத்தகிரி தம்பிக்கு ஒன்று: கியர் கம்பியின் ஒரு முனை இடது மரை, அதாவது எதிர்ப்பக்கம் திருகுவது. ரெண்டு முனை நட்டையும் தளர்த்திவிட்டுக் கம்பியைத் திருகினால்தான் லிவர் ஏறி இறங்கும். ஒரே பக்கம் போட்டுத் திருகி மரையைத் தின்றுவிடாதீர்கள்.

கோத்தகிரி160:
ஞாயிறு இரவு. கை முழுக்க கிரீஸ்.

ஃபுட்ரெஸ்ட் மடங்குகிறது, குன்னூர் அண்ணனுக்காக முதலில் அதைத்தான் பார்த்தேன். இடது பக்கம் ஒரு மணி நேரத்தில் முடிந்தது. கிளப்பினால் கியர் தலைகீழ்: மேலே தூக்கினால் முதல் கியர், மிதித்தால் மற்றதெல்லாம். கியர் தண்டில் கம்பி மாட்டும் கைத்துண்டைக் கழற்றித் திருப்பிப் போட்டதும் சரியானது.

வலது பக்கம் லேத் அண்ணன் சொன்னபடியே நடந்தது. புஷ் ராடைக் கடைசி மரை வரை உள்ளே திருகியும் பிஸ்டனை அமுக்கிக்கொண்டுதான் நிற்கிறது. பின்சக்கரத்தைக் கையால் சுற்றினால் அரைச் சுற்றில் நிற்கிறது. பிரேக் லைட் சுவிட்சின் ஸ்பிரிங்கை மாட்டப் புதுப் பெடலில் ஓட்டையே இல்லை. மூடுபனியில் பின்னால் வருகிற லாரிக்கு நான் பேக் பிரேக் போடுவதே தெரியாது. வலது பக்கம் பழையதையே மாட்டிவிட்டேன். இப்போது இடது கால் மேலே, வலது கால் கீழே. பாதி சைக்கிள் மிதிக்கிற மாதிரி உட்கார்ந்திருக்கிறேன்.

குன்னூர்_மூடுபனி:
2,600 ரூபாய்க்குப் பாதி ரியர்செட். பழைய இடது பக்கத்தை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

லேத்_ஊட்டி:
ராடையும் பெடலையும் கொண்டு வாருங்கள். ராடைக் குறுக்கி மரை போடுவதும், பெடலில் ஓட்டை போடுவதும் அரை மணி நேர வேலை. மாட்டிய பிறகு ஆட்டம் இருக்கிறதா என்று என் முன்னால் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும்.

கோத்தகிரி160:
மாட்டித்தான் பார்க்க வேண்டும் என்றால் வண்டியையும் கொண்டு வர வேண்டுமே. சரி, பழைய இடது பக்கத்தையும் மாட்டிக்கொண்டு செவ்வாய்க்கிழமை வருகிறேன். புது செட் பையில் வரும்.